எச்சம் என்று ஒரு கட்டம்

மே 5, திங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நகராட்சி அலுவலகக் கணக்குப் பிரிவின் பதிவறையில் பதினாறு ஆண்டுகள் முனகி முனகிச் சேவை செய்த மின்விசிறி, இன்று முற்பகல் 10.40 மணியளவில் தன் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது. அன்னாரின் பிரிவால் வியர்த்து வாடுவது: நான் ஒருவன்.

நான் ஏன் இங்கே? பள்ளி நூலகத்தில் 'மௌனம் காக்கவும்' என்று ஒரு பலகை உண்டு. அதில் ஒரே ஒரு கால் வரைந்தேன். 'மௌனம் காக்காவும்' என்று ஆனது. அவ்வளவுதான். மறுநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை வாய்விட்டுப் படித்துத் தொலைத்தார். ஒரு காலுக்காக என் இரண்டு காலையும் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

"உன்னை வீட்டுல தனியா விட்டா கதவு நம்பரையே மாத்தி எழுதிடுவ. லீவு முழுக்க என்கூட ஆபீஸ்" என்றாள் அம்மா.

அறை பத்தடிக்கு எட்டடி. சன்னல் உண்டு. அதன் முன்னால் அலமாரியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வானம் தெரியும். இதைப் பதிவறை என்கிறார்கள். பதுக்கறை என்பதே சரி.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியதை இன்னொரு முறை எழுதிவைக்கிறேன்: இதில் பொய் எழுதமாட்டேன். பொய்க்கு வெளியே நிறைய இடம் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

அம்மா இங்கே ஒப்பந்தக் கணக்கர். பன்னிரண்டு வருடமாக ஒரே மேஜை. மற்றவர்களுக்கு விதி தலையில் எழுதியிருக்கும். அம்மாவுக்கு முந்நூற்று நாற்பது பக்கத்தில் அச்சடித்து வரும்.

மூன்று வருடம் முன்பு வரை நகராட்சிக் கணக்கு எளிது. வந்த பணம் ஒரு பக்கம், போன பணம் ஒரு பக்கம். பிறகு புது விதி: வர வேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும்கூட எழுது. அம்மா விழுந்து விழுந்து படித்து எல்லாவற்றையும் மாற்றினாள். மாற்றி முடித்த மாதமே ஒரு திருத்தம். அடுத்த வருடம் இரண்டாவது. அதையும் முடித்தாள். இந்த வருடம் மூன்றாவது திருத்தம்: ஊருக்குச் சொந்தமான ஒவ்வொரு பொருளையும், பெஞ்சு, ஊஞ்சல், விளக்குக் கம்பம் எல்லாவற்றையும், தனித்தனியாக எண் போட்டு, எத்தனை வருடம் உழைக்கும், என்ன நிலையில் இருக்கிறது, இன்னும் என்னென்னவோ பார்த்து எழுத வேண்டும். என்னைத் திருத்தவே முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னார். இங்கே வந்தால் திருத்தம் தவிர வேறு எதுவுமே இல்லை.

பதிவேட்டைப் பதினைந்தாம் தேதி மூட வேண்டும். அடுத்த வாரம் தணிக்கையாளர் வருவார். முப்பதாம் தேதி அறிக்கை. போன இரண்டு வருடமும் அறிக்கையில் 'கணக்கு சரி' என்று எழுதிவிட்டு, 'ஆனால்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். பேசும்போதும் "சரி, ஆனா" என்றுதான் பேசுவாராம். அதனால் நான் பார்ப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டேன்: ஆனா. ஆனா வந்தால் பிரிவில் எல்லோருக்கும் ஆனா ஆவன்னாவே மறந்துபோகிறதாம்.

இந்த முறையும் 'ஆனால்' வந்தால் கணக்குப் பிரிவையே வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக ஆணையர் சொல்லிவிட்டார். கம்பெனி வந்தால் அம்மா போக வேண்டியதுதான்.

"நீயே விட்டுட்டு வேற எங்கயாவது போயிடேன்மா."

"எங்க போறது? வெளிய போனா நான் போன வருஷ விதி தெரிஞ்சவ. அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சள் சீட்டு, பச்சை சீட்டு, சிவப்புச் சீட்டு என்று விதிப் புத்தகம் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாள். நாக்கு நீட்டிய ஏதோ பிராணி மாதிரி இருக்கிறது அது.

மே 7, புதன்

பூங்காக்களுக்கு அனுப்பும் படிவத்தை நானே தட்டச்சு செய்தேன். அம்மா தலைப்பைச் சொல்லச் சொல்ல அடித்தேன்: பொருள், எண், இடம், ஆயுட்காலம், நிலை, எச்ச மதிப்பு. கடைசிக் கட்டத்தில் இடம் பற்றவில்லை. 'எச்சம்' என்று முடித்துக்கொண்டேன். அம்மா போனில் யாருடனோ இருபத்து மூன்றாம் பத்தியைப் பற்றிச் சண்டை போட்டபடியே ஆறு பிரதியிலும் கையெழுத்திட்டாள்.

பழகுவதற்கு என் அறையில் உள்ள பன்னிரண்டு பொருளுக்கும் முதலில் நிரப்பச் சொன்னாள். நிரப்பினேன். நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் மேல்தட்டு வரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். என்னைப் பொறுப்பில்லாதவன் என்றவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஒரு எண்ணைத் தப்பாக எழுதி, ரப்பரை எடுத்தேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கணக்குல அழிக்கக் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு கோடு. தப்பு என்னன்னு படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி சுருக்கொப்பம் போடு."

"தப்பைக் காட்டிக்கிட்டே இருக்கணுமா? மானம் போயிடாதா?"

"தப்பைக் காட்டினா மானம் போகாது. மறைச்சாதான் போகும்."

தேய்மானம் என்று ஒரு தலைப்பைக் காலையில் பார்த்தேன். பொருள் உழைக்க உழைக்க அதன் மதிப்பு குறைவதாம். மானம் தேய்வதற்கே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பள்ளியிலேயே முழுவதும் கழித்தாயிற்று.

மே 8, வியாழன்

பெரிய பூங்காவின் காவலர் போன் செய்தார். அம்மா கூட்டத்தில் இருந்தாள். படிவத்தில் ஒரு கட்டம் புரியவில்லையாம். விளக்கிச் சொன்னேன். மற்ற ஐந்து பூங்காக்காரர்களுக்கும் அவரே சொல்லிவிடுவாராம். "ரொம்ப நன்றி தம்பி" என்றார்.

இந்தக் கட்டடத்தில் எனக்கு விழுந்த முதல் நன்றி.

மே 9, வெள்ளி

மூன்று விரல் வானத்தில் ஒரு காக்கை போனது. இரண்டு நொடி. அதற்கு விடுமுறை போலிருக்கிறது.

மே 13, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு ஆறு பூங்காக்களின் படிவங்களும் ஒரே கட்டாக வந்தன. பக்கத்து மேஜை எழுத்தர் பிரித்தார். அவருக்கு நான் வைத்த பெயர் வானொலி. கையில் காகிதம் கிடைத்தால், மருந்துச் சீட்டாக இருந்தாலும், உரக்கப் படிக்காமல் விடமாட்டார்.

"மேடம், இதைக் கேளுங்க. கல் பெஞ்சு, எண் நாலு. ஆயுட்காலம்: எனக்கு அப்புறமும் இருக்கும். எச்சம்: அதிகம், காக்கை."

யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை.

"எண் அஞ்சு. எச்சம்: காலையில் மட்டும். எண் ஒம்பது, ஊஞ்சல். எச்சம்: ஆடும்போது இல்லை. எண் பன்னெண்டு, சிலை. எச்சம்: தலையில், தினமும்."

பிரிவே உருண்டு புரண்டு சிரித்தது. ஒருவர் தேநீரைப் பேரேட்டின் மேல் கொட்டிவிட்டார். அம்மா எழுந்து வந்து தாள்களை வாங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பினாள். உதடு மட்டும் அசைந்தது.

"எச்ச மதிப்பு" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒரு பொருள் உழைச்சு ஓஞ்சு போனப்புறம் இரும்புக்கோ விறகுக்கோ போட்டா என்ன மிஞ்சுமோ, அது. மிஞ்சுறது. அதைத்தான் கேட்டேன்."

போன வருடம் வரை எல்லாப் பொருளுக்கும் ஒரே விகிதம் போட்டால் போதும். இப்போது ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று விதி. இருநூற்றுப் பதினான்கு பொருள். பதிவேடு மூட இரண்டு நாள்.

நாட்குறிப்பே, குறித்துக்கொள். இது என் கைவரிசை. எட்டாம் தேதி அந்தக் காவலர் போனில் கேட்டது இதைத்தான்: "எச்சம்னு ஒரு கட்டம் இருக்கே தம்பி, அதுல என்ன எழுதணும்?" பறவை எச்சம்தான், எவ்வளவு இருக்கிறது, எப்போது விழுகிறது, பார்த்து எழுதுங்கள் என்றேன். "அதையா கேக்கறாங்க?" என்றார். புது விதி என்றேன். "அப்ப சரி. புது விதின்னா எது வேணா வரும்" என்று ஒத்துக்கொண்டார். நூலகப் பலகையெல்லாம் பால்குடிப் பிள்ளை விளையாட்டு. 'மதிப்பு' என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் வெட்டினேன். ஒற்றைச் சொல்லில் ஆறு பூங்காவைக் கவிழ்த்தேன். மதிப்பில்லாத எச்சம். எப்படி? என் வாழ்நாள் சாதனை.

எழுத்து ஏனோ கோணலாக வருகிறது. மின்விசிறி இல்லாததால் இருக்கும்.

மே 14, புதன்

வானொலி படிவத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்து எல்லாப் பிரிவுக்கும் கொடுத்திருக்கிறார். குடிநீர்ப் பிரிவு, சுகாதாரப் பிரிவு எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரிய பூங்காவின் காவலருக்கு 'காக்கா கணக்கர்' என்று பட்டம். பட்டம் வைப்பது என் வேலை. இந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆணையர் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் அறைக்கும் பதிவறைக்கும் நடுவே இருப்பது அட்டைச் சுவர்.

"ஒரு வார்த்தை புரியலைன்னா ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேக்க மாட்டானா அந்த ஆளு?"

"கேட்டிருக்கணும் சார்."

"இது உங்க பிரிவும்மா. நான் ஏற்கெனவே சொல்லிட்டேன், இல்லையா?"

"சொல்லிட்டீங்க சார்."

காவலர் கேட்டார். கேட்டார் என்பது இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரியும். எழுந்து போய் இரண்டே வாக்கியம் சொன்னால் போதும். கதவு திறந்துதான் இருந்தது. நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்று அலமாரிச் சாவி எத்தனை முறை சுற்றும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பி வந்து, பழைய கொள்முதல் ரசீதுகளை இறக்கினாள். எது இரும்பு, எது மரம், எது கல் என்று ரசீதைப் பார்த்தே மதிப்புப் போட ஆரம்பித்தாள். காவலர்களின் படிவங்களைக் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

மே 15, வியாழன்

பதிவேடு மூடியாயிற்று. அம்மாவின் வலது கட்டைவிரலில் மை. பேருந்தில் வீடு வரை அதையே தேய்த்துக்கொண்டு வந்தாள்.

மே 16, வெள்ளி

காவலரே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். இங்கே யாரும் கழற்றுவதில்லை. அவர் உள்ளே வரும்போது வானொலி "கா" என்று மெல்லச் சொன்னார். நான்கு பேர் குனிந்துகொண்டார்கள்.

"மேடம், எல்லாரும் சிரிக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். மத்த அஞ்சு பேரும் என்னால தலைகுனிவுன்னு திட்டறாங்க. நான் கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

"யார்கிட்ட கேட்டீங்கண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்தேன். போனில் பேசும்போது கணக்கர் மேடத்தின் பையன் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"யாரோ போன்ல பேசினாங்க. குரல் ஞாபகமில்ல" என்றார்.

அவர் போனபிறகு அந்த அறையில் இருக்க முடியவில்லை. இருப்பு என்று பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சொல்லிவிட்டேன்.

"நான்தாம்மா. போன்ல பேசினது நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன்."

திட்டுவாள் என்று தோளை உயர்த்திக்கொண்டேன். திட்டவில்லை.

"எச்சம்னா என்னன்னு தெரிஞ்சே சொன்னியா?"

"தெரியாம என்ன? நல்லாத் தெரியும்."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். போன மாதத் தாள் கிழிக்கப்படாமலே இருந்தது.

"சரி. நாளைக்கு அவர்கிட்டப் போய் இதையே சொல்லு. இதே வார்த்தையில."

மே 17, சனி

போனேன். காலை ஆறரைக்கே வாளியோடு நின்றிருந்தார். பெஞ்சு வரிசையில் பாதி ஈரம், பாதி காய்ந்தது.

"அண்ணே, அன்னிக்குப் போன்ல நான் விளையாட்டுக்குச் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"விளையாட்டா" என்றார்.

சிரிப்பார், அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். திரும்பி, ஏற்கெனவே கழுவிய பெஞ்சின் மேல் மறுபடி தண்ணீர் ஊற்றினார். "மேடத்தோட பையன்னு சொன்னியா, படிச்ச பையன், சரியாச் சொல்லுவான்னு நினைச்சேன். சரி, போ தம்பி."

மன்னிப்புக் கேட்டால் நெஞ்சு லேசாகும் என்று யார் சொன்னது? வரும் வழியெல்லாம் வாளியை நான் தூக்கி வந்த மாதிரி இருந்தது.

மே 18, ஞாயிறு

அப்பா லாரியோடு வந்திருக்கிறார். நாளை காலை கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் சக்கரம் இருப்பது அவருக்கு மட்டும். "என்னடா, ஆபீஸ் உத்தியோகம் எப்படி?" என்றார். நிலையான சொத்தாகிவிட்டேன் என்றேன். சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மேஜையில் விதிப் புத்தகம், நாக்கு நீட்டியபடி.

மே 20, செவ்வாய்

ஒன்றுமில்லை. வெயில். அலமாரி. நான்.

மே 22, வியாழன்

இன்று வந்த உறையைப் பிரித்த அம்மா உட்கார்ந்துவிட்டாள். கணக்கு விதிக்குத் திருத்தம் வந்து பழகிப்போயிற்று. இது தணிக்கை விதிக்குத் திருத்தம். பதிவேட்டில் இருக்கிறது, ரசீது இருக்கிறது என்பதை மட்டும் நம்பித் தணிக்கையாளர் கையெழுத்துப் போடக் கூடாதாம். பதிவேடு மூடிய தேதிக்கு முன்பே யாராவது நேரில் போய் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்து, தேதி போட்டு எழுதியிருக்க வேண்டுமாம்.

பதினைந்தாம் தேதி போய் ஏழு நாள் ஆகிறது.

"இப்ப ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து, முந்தின தேதி போட்டுட்டா?" என்றேன்.

"மூடின பதிவேட்டுக்குள்ள திருட்டுத் தேதி போடச் சொல்றியா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "படிச்சு முடிக்கறதுக்குள்ள மாத்திடறாங்கடா. முக்கால்வாசி புரியும்போதே மாத்திடறாங்க. புரியலைன்னு யார்கிட்டயும் கேக்கவும் பயமா இருக்கு. இத்தனை வருஷம் இருந்து இதுகூடத் தெரியலையான்னுடுவாங்க."

அம்மாவுக்கும் அப்படியா?

எழுத வேறொன்று இருக்கிறது. இன்று வேண்டாம்.

மே 23, வெள்ளி

ஆனா வந்தார். நான் கிழவரை எதிர்பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. சக்கரம் வைத்த பெட்டி. பேனாவைக் காதுக்கு மேல் செருகிக்கொள்கிறார். காலை முழுக்க "சரி, ஆனா" என்று பதினேழு முறை. நான் சுவரில் கோடு போட்டு எண்ணினேன். மதியம் பூங்காக் கணக்குக்கு வந்தார்.

"சரி, ஆனா இந்த இருநூத்திப் பதினாலும் இருக்குன்னு யார் போய்ப் பாத்தாங்க?"

"ரசீது எல்லாம் இருக்கு மேடம்."

"ரசீது, வாங்கினதுக்குச் சாட்சி. இப்ப இருக்கறதுக்கு இல்லையே. பதினஞ்சாம் தேதிக்கு முன்னாடி யாராவது நேர்ல பாத்து எழுதினது எதுவும் இருக்கா?"

ஆணையர் வாசலில் நின்றார். வானொலி நாற்காலியை இழுக்கும் சத்தத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா சாவிக்கொத்தை விரலில் ஒருமுறை சுற்றினாள். பிறகு குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தாள்.

"இருக்கு. ஆனா நீங்க சிரிக்கக் கூடாது."

ஆனா படித்தார். முதல் பக்கத்தில் புருவம் ஏறியது. இரண்டாம் பக்கத்தில் காதிலிருந்த பேனாவை எடுத்தார். எங்களைப் போல முதல் பக்கத்தோடு நிறுத்தவில்லை. எனக்கு இப்போதுதான் உறைத்தது: சிரிப்பு வந்த இடத்திலேயே எல்லோரும் வைத்துவிட்டோம். கடைசி வரை ஒருவர்கூடப் படிக்கவில்லை. நாற்பது நிமிடம். அப்புறம் ஒரு வரியின் மேல் விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார்.

"பெஞ்சு பதினேழு. மரத்தடி. மே பத்து, காலை ஆறு பத்துக்குப் பார்த்தேன். காக்கை. கழுவினேன். ஆறு நாற்பது, மறுபடியும்."

யாரும் சிரிக்கவில்லை.

"விளக்குக் கம்பம் எட்டு. எச்சம் உண்டு. விளக்கு இல்லை." இன்னொரு தாள். "பெஞ்சு இருபத்து மூன்று. எச்சம் இல்லை. பெஞ்சும் இல்லை. நான்கு போல்ட் மட்டும் இருக்கின்றன. ஆபீஸில் இரண்டு முறை சொல்லிவிட்டேன்."

ஆணையர் தொண்டையைச் செருமினார்.

"இப்படி ஒம்பது பொருள் ஊர்லயே இல்ல. இதைப் பாக்காம இருநூத்திப் பதினாலுன்னு நான் கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கு வேலை போயிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தேதி, நேரம் எல்லாம் இருக்கு. உக்காந்த இடத்துல எழுதற ஆளால இப்படி எழுத முடியாது. யாரு இவரு?"

"பெரிய பூங்காக் காவலர்" என்றாள் அம்மா. "அவர்தான் மத்தவங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாரு."

"இல்லாத ஒம்பதை எடுத்துட்டு, ஏன் எடுத்தோம்னு ஒரு குறிப்பு எழுதுங்க. மத்ததுக்கு இதுவே சான்று. சரி" என்றார் ஆனா.

அடுத்த சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தோம். பேனா மறுபடி காதுக்கு மேல் போயிற்று. அடுத்த சொல் வரவில்லை.

மே 26, திங்கள்

ஒன்பது பொருளையும் நீக்கி எழுத அம்மாவுக்கு நான் உதவினேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு கோடு. என் கோடு நேராக வருகிறது என்றாள்.

மே 30, வெள்ளி

அறிக்கை வந்தது. கணக்கு சரி. முற்றுப்புள்ளி. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளை. அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள், துணி வாங்கப் போன இடத்தில் தடவுகிற மாதிரி.

ஆணையருக்கு என் 'விளையாட்டு' எப்படியோ தெரிந்திருக்கிறது. முதுகில் தட்டி, "உன் குறும்பு இல்லைன்னா அந்தப் படிவமே இப்படி வந்திருக்காதுடா" என்றார். வானொலி அதைப் பிரிவு பிரிவாக ஒலிபரப்பினார். வருவோர் போவோரெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகை. குறும்பாலே ஒரு நகராட்சியைக் காப்பாற்றியவன் வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். பதிவறைக்குப் புது மின்விசிறியும் வந்துவிட்டது. எண் ஒட்டியாயிற்று. இனி என் பெயரையும் ஏதாவது ஒரு பெஞ்சில் பொறிக்கலாம்.

மாலை நான்கரைக்கு அடுத்த உறை வந்தது. நான்காவது திருத்தம். அடுத்த ஆண்டிலிருந்து 'எச்ச மதிப்பு' என்ற சொல்லை 'மிச்ச மதிப்பு' என்று மாற்றிப் படிக்க வேண்டுமாம். அம்மா ஒரு புதுச் சீட்டைக் கிழித்து ஒட்டினாள். நீலம்.

மே 31, சனி

விடிந்து பார்த்தால் என் மேஜையில் ஒரு தாள்.

மே 7 என்று தேதி போட்ட படிவம். என் கையெழுத்து. பதிவறையின் பன்னிரண்டு பொருள். பதின்மூன்றாம் தேதி அம்மாவின் தாள்களிலிருந்து இதை உருவி, அலமாரியின் மேல்தட்டில் பழைய பேரேட்டுக்குள் செருகியிருந்தேன். நேற்று மின்விசிறி மாட்ட ஏறியவர் அதை எடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். அதில் எழுதியிருப்பதை அப்படியே பதிகிறேன்:

அலமாரி. எச்சம்: மேல்தட்டில் பல்லி, இரண்டு இடத்தில்.
மின்விசிறி. எச்சம்: இல்லை. தூசி மட்டும்.
சன்னல். எச்சம்: காக்கை, வெளிப்பக்கம். கை எட்டவில்லை.

பன்னிரண்டு 'எச்சம்' மேலும் அம்மா ஒவ்வொரு கோடு போட்டிருக்கிறாள். அடியில் இருப்பது நன்றாகப் படிக்க முடிகிறது. பக்கத்தில் சரியான தொகை. சுருக்கொப்பம். வேறு ஒரு சொல்லும் இல்லை. கேள்வியும் இல்லை.

போன் வந்தது எட்டாம் தேதி. தாள் ஏழாம் தேதி. ஆனாவுக்கு இதற்குமேல் சான்று தேவைப்படாது.

குளிக்கக்கூடச் செய்யாமல் பூங்காவுக்கு ஓடினேன். அவர் பதினேழாம் பெஞ்சில் இருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"பின்ன?"

"எனக்கும் தெரியாது. நான் நிஜமாவே காக்கா எச்சம்னுதான் நினைச்சேன்."

வாளியைக் கீழே வைத்தார். தோள் முதலில் குலுங்கியது, சத்தம் அப்புறம்தான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விளையாட்டுக்குச் சொன்னேன்னியே, அப்பதான் தம்பி கஷ்டமா இருந்துச்சு. என்னை வச்சு சிரிச்சிருக்கானேன்னு. தெரியாம சொன்னியா? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நானும்தான் தெரியாம கேட்டேன்." பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். "இந்தா, பதினெட்டு உன்னோடது."

பதினெட்டைக் கழுவினேன். பத்தொன்பதுக்கு நகர்வதற்குள் பதினெட்டில் மறுபடியும் விழுந்துவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

புது விதியில் ஒரு பத்தி அம்மா காட்டியிருக்கிறாள். முந்தைய காலத்தில் பிழை நேர்ந்திருந்தால் அதை மறைக்கக் கூடாது. எந்தத் தேதியில், என்ன பிழை, சரியானது என்ன என்று எழுத வேண்டும். எனவே:

மே 8. 'விளக்கிச் சொன்னேன்.' இதில் திருத்தமில்லை. உண்மையாகவே விளக்கத்தான் செய்தேன், நெஞ்சு நிமிர்த்தி.

மே 13. 'வேண்டுமென்றேதான் வெட்டினேன்', 'என் வாழ்நாள் சாதனை.' இரண்டின் மேலும் இப்போது ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதியது: கட்டத்தில் இடமில்லாமல் வெட்டினேன். அர்த்தம் தெரியாமல் சொன்னேன். எல்லோரும் சிரித்ததும், முட்டாள் என்பதைவிடப் போக்கிரி என்பது மேல் என்று தோன்றியது. சுருக்கொப்பம்.

மே 30. நகராட்சியைக் காப்பாற்றிய பத்தி முழுவதற்கும் ஒரே கோடு. பக்கத்தில்: அவர் ஆறு பத்துக்குப் போய்ப் பார்த்தார். நான் அல்ல. சுருக்கொப்பம்.

முதல் பக்கத்திலும் ஒரு வரி இருக்கிறது, பொய் எழுதமாட்டேன் என்று. அதற்கும் போட்டாயிற்று. கோடு கொஞ்சம் கோணல்.